கல்லூரிச் செலவைத் திட்டமிடுவது எப்படி: முதன்முறையாகப் பிள்ளையைப் பட்டப்படிப்புக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரியில் முதல் தவணை கட்ட வேண்டிய நாள் வரை தமிழ்நாட்டில் இரண்டு மூன்று மாதங்களே இருக்கின்றன. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற பேச்சே அந்த மாதங்களில் வீட்டை நிறைத்துவிடுவதால், பணத்தைப் பற்றிய கணக்கு கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போய்விடுகிறது. பணம் அடியோடு இல்லாததால் இடறும் குடும்பங்கள் உண்டு. ஆனால் உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் முழுத் தகுதி இருந்தும், அந்தப் பணம் கட்டணத் தேதிக்குள் வந்து சேராததால் இடறும் குடும்பங்களும் ஏராளம். ஆகவே எவ்வளவு தேவை, எங்கிருந்து வரும் என்பதோடு, எப்போது வரும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகப் பொறியியல் படிப்பைக் கொண்டிருக்கிறேன். கலை, அறிவியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: முழுப் படிப்புக்குமான செலவை எழுதுங்கள்

கல்லூரியில் கேட்டால் முதலாண்டுக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். நீங்கள் எழுத வேண்டியது நான்கு ஆண்டுக் கணக்கு. அதில் கற்பிப்புக் கட்டணம் ஒரு வரி மட்டுமே. தேர்வு, ஆய்வகம், நூலகம், வளர்ச்சி நிதி, பயிற்சிக் கட்டணம் என்ற பெயர்களில் வருபவை இன்னொரு வரி. விடுதியும் உணவும் மூன்றாவது. பேருந்து, புத்தகம், உடை, ஊருக்கு வந்துபோகும் செலவு நான்காவது. மடிக்கணினி போல ஒருமுறை மட்டும் வருபவை ஐந்தாவது.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2017ஆம் ஆண்டு அக்குழு நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெறாத படிப்புக்கு ஆண்டுக்கு ரூ. 50,000, அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு ரூ. 55,000; நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே ரூ. 85,000, ரூ. 87,000. நீங்கள் சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கற்பிப்புக் கட்டணம் ரூ. 55,000, இதர கட்டணங்கள் ரூ. 20,000, விடுதியும் உணவும் ரூ. 75,000, கைச்செலவு ரூ. 20,000 என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு ரூ. 1,70,000 ஆகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ரூ. 6,80,000, மடிக்கணினிக்கு ரூ. 45,000 சேர்த்தால் ரூ. 7,25,000. அதே மாணவர் வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் போய்வந்து, விடுதிக்கான 75,000க்குப் பதில் பேருந்துக்கு 25,000 மட்டும் கொடுத்தால், மொத்தம் ரூ. 5,25,000 ஆகக் குறைகிறது. இந்த இரண்டு லட்ச ரூபாய் வித்தியாசம் எந்தக் கட்டண விவரச் சீட்டிலும் தெரியாது. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தும்போது, ஏறத்தாழ ஒரே தரத்திலுள்ள இரண்டு கல்லூரிகளில் எதை மேலே வைப்பது என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்கலாம் என்பது என் கருத்து.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்தாலும் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். கடன் வாங்கிப் பொறியியல் படிப்பதா, கடனே இல்லாமல் நல்ல அரசுக் கல்லூரியில் இளம் அறிவியல் படிப்பதா என்ற கேள்வியைப் பல வீடுகளில் எழுப்புவதே இல்லை. ஒருமுறையாவது எழுப்பிப் பாருங்கள்.

ரசீது இல்லாமல் கேட்கப்படும் நன்கொடையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அதோடு, ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது, எந்த உதவித்தொகையும் ஈடுகட்டாது.

இரண்டாம் படி: திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணத்தை முதலில் தேடுங்கள்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இது சட்டமானது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தகுதி இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆகவே விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விடாமல் குறித்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்றைச் சேர்த்துவைக்க வேண்டும். நடுவில் ஓராண்டு அரசுப் பள்ளி அல்லாத வேறு பள்ளியில் படித்திருந்தால் தகுதி போய்விடும் என்பதால், அந்த விவரத்தை மறைக்க முயலாமல் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கும். தொழிற்கல்வியில் ஒற்றைச்சாளர முறையில், அதாவது அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்கே இது உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பெற முடியும் என்பதால், அண்ணன் ஏற்கெனவே பெற்றிருந்தால் தங்கைக்கு வராது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால், யாருடைய படிப்புக்குக் கட்டணம் அதிகம் என்று பார்த்துப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். ஆனால் முதல் பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால் இந்த வாய்ப்பே முடிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத் துறைகளும் தனியே உதவித்தொகை வழங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் கல்லூரி வழியாகவே விண்ணப்பம் போகிறது. கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் தளத்தில் உங்கள் பிள்ளையின் பெயர், சாதிச் சான்று எண், வருமானச் சான்று எண் ஆகியவை பிழையில்லாமல் ஏறியிருக்கின்றனவா என்று கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு எழுத்தரிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாதம் ரூ. 1,000 தரும் இரண்டு திட்டங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் இவை உண்டு. கட்டணத்துக்கு இது போதாது. ஆனால் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டைக் கேட்காமலிருக்க உதவும். வேறு உதவித்தொகை வாங்குகிறோமே என்று தயங்கி இதை விட்டுவிட வேண்டாம்.

ஒன்றிய அரசின் உதவித்தொகைகளில் இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் உள்ளவருக்கு, இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு ரூ. 12,000 கிடைக்கும்; வேறு உதவித்தொகை பெறுபவருக்கு இது பொருந்தாது. பொறியியல், பட்டயப் படிப்புகளில் முதலாண்டு சேரும் மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ. 50,000, வருமான வரம்பு ரூ. 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம் என்ற பெயரில் இதே அளவு உதவி உண்டு. இவை தேசிய உதவித்தொகை இணையதளத்தில், கல்லூரி திறந்த பின் வரும் மாதங்களில் விண்ணப்பிக்க வேண்டியவை. சேர்க்கை வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

தனியார் உதவிகளில், அரசுப் பள்ளி மாணவருக்கு அகரம் அறக்கட்டளையும், குடும்ப வருமானம் ரூ. 15 லட்சத்துக்குள் உள்ள முதலாண்டு மாணவருக்கு ரிலையன்ஸ் அறக்கட்டளையும் பெயர் பெற்றவை. பின்னது தகுதித் தேர்வு வைத்து, படிப்புக்காலம் முழுமைக்கும் ரூ. 2 லட்சம் வரை தருகிறது. உங்கள் ஊர்ச் சங்கம், தந்தை வேலைபார்க்கும் நிறுவனம், தொழிலாளர் நல வாரியம் ஆகியவற்றையும் கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்து ஆண்டுக்கணக்காகப் புதுப்பித்துவரும் கொத்தனார் ஒருவர், பிள்ளையின் படிப்புக்கும் அதே வாரியத்தில் உதவி உண்டு என்பதை அறியாமலிருப்பது அரிதல்ல.

மூன்றாம் படி: தாள்களும் வங்கிக் கணக்கும்

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் பெற வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு ஊரே அந்த வரிசையில் நிற்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு கையாகக் கடந்துவர நாள் பிடிக்கும் என்பதால், பொதுத்தேர்வு எழுதி முடித்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். மற்றவற்றை முன்பே வாங்கிவைக்கலாம்.

எழுத்துப்பிழை இங்கே உண்மையான செலவு. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து பின்னால், ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை என்று மூன்று விதமாக ஒரே மாணவரின் பெயர் இருந்தால் விண்ணப்பம் சரிபார்ப்பில் நின்றுவிடும். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மற்ற இரண்டையும் திருத்திக்கொள்வதே எளிது.

இன்னொன்று: அரசின் உதவித்தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பாராமல், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் போய்விடுவதுண்டு. பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு கடனுக்காக வேறு வங்கியில் ஒரு கணக்கு என்று இரண்டு இருந்தால், பணம் வந்தும் வரவில்லை என்று அலைய நேரும். நேரடிப் பயன்மாற்றத்துக்கு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்; அந்தக் கணக்கு மாணவர் பெயரில், நடப்பில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: சொந்தச் சேமிப்பு

பிள்ளை இப்போது பன்னிரண்டில் இருந்தால் புதிதாகச் சேமிக்க நேரமில்லை. இருப்பதை எடுத்து வைப்பதுதான் வேலை. செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், பெண் பதினெட்டு வயதை எட்டியதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். தம்பி தங்கைகள் சிறியவர்களாக இருந்தால் அவர்களுக்கு இன்றே தொடங்கலாம். பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பது விதி. கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் முதலாண்டிலேயே கொட்டிவிடாமல், ஓராண்டுக் கட்டணத்தில் பாதியையாவது ஒதுக்கிவையுங்கள். உதவித்தொகை தாமதமாகும் பருவத்தில் அந்தத் தொகைதான் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: எஞ்சியதற்கு மட்டும் கல்விக் கடன்

மொத்தச் செலவிலிருந்து உதவித்தொகையையும் சேமிப்பையும் கழித்தால் வருவதே கடன் தொகை. வங்கி அதிகம் தருகிறது என்பதற்காக அதிகம் வாங்க வேண்டாம்.

பொதுத்துறை வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தைப் பின்பற்றுகின்றன. ரூ. 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போடத் தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் ரூ. 7.5 லட்சம் வரை சொத்து ஈடோ மூன்றாம் நபர் பிணையோ கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்று கிளையில் சொன்னால், எந்தத் திட்டத்தின்கீழ் கேட்கிறார்கள் என்று பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னிலையிலுள்ள கல்வி நிறுவனங்களுக்கு உரியது. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் அதில் இருந்தன. குடும்ப வருமானம் ரூ. 8 லட்சத்துக்குள் இருந்தால், ரூ. 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக்காலத்திலும் அதன்பின் ஓராண்டும் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படிப்பவருக்கு அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே செலுத்தும் திட்டம் 2009 முதல் இருந்துவருகிறது. இந்தச் சலுகை தானாக வராது. ஆண்டுதோறும் வங்கியில் கேட்டு, உங்கள் கணக்கு அதில் சேர்க்கப்பட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

வட்டியை எண்களால் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டில் 50,000, இரண்டாவதற்கு 40,000, பிறகு 30,000, 20,000 என்று மொத்தம் ரூ. 1,40,000 சேர்ந்து, கடன் ரூ. 5,40,000 ஆக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ ரூ. 7,140 கட்ட வேண்டும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதலாண்டு மாதம் ரூ. 833, நான்காம் ஆண்டில் ரூ. 3,333) தவணை ரூ. 5,290 அளவில் நின்றுவிடும். அப்படிக் கட்டுபவருக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு விழுக்காடு குறைக்கவும் செய்கின்றன. திருப்பிக் கட்டும் காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால், முன்சொன்ன 5,40,000க்கு மாதத் தவணை ரூ. 5,800 ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது ரூ. 8.56 லட்சத்திலிருந்து ரூ. 10.45 லட்சமாக ஏறும். முதல் சம்பளம் எவ்வளவு வரலாம் என்று அந்தக் கல்லூரியில் சென்ற ஆண்டு முடித்த, நடுத்தர மதிப்பெண் எடுத்த ஒருவரைக் கேட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகாதபடி கடனை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விளம்பரப் பலகையில் இருக்கும் உச்சச் சம்பளம் இந்தக் கணக்குக்கு உதவாது.

விண்ணப்பத்துக்குப் பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் ஆண்டுவாரிக் கட்டண விவரம், பயில்வதற்கான சான்று, வருமானச் சான்று, மாணவர், பெற்றோர் இருவரின் ஆதார், பான் அட்டைகள், பெற்றோரின் ஆறு மாத வங்கி அறிக்கை ஆகியவை வேண்டும். கட்டண விவரத்தில் விடுதி, பேருந்து, புத்தகம் ஆகியவற்றையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத செலவுக்குக் கடன் வராது. பெற்றோருக்கு முன்பு வாங்கிய நகைக்கடனோ சுயஉதவிக் குழுக் கடனோ தவணை தவறி நின்றால், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது தெரியும், முன்பே தீர்த்துவையுங்கள்.

உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லையில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் தாமாக நிராகரிக்காமல் அடுத்த நிலை அலுவலரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது மாதிரித் திட்டத்தின் விதி. ஆகவே வாய்மொழியாக இல்லை என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள். இணையம் வழியாக விண்ணப்பித்து எண்ணைக் குறித்துக்கொண்டால், நிராகரிப்பும் எழுத்தில்தான் வந்தாக வேண்டும். மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளர், ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாம், வங்கியின் குறைதீர் அலுவலர், முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் என்பது மேலே போகும் வரிசை. கடன் வாங்கித் தருகிறேன் என்று கழிவு கேட்கும் தரகருக்கு இந்த வரிசையில் எங்கும் இடமில்லை.

ஆறாம் படி: தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

ஒதுக்கீடு உறுதியானால் சில நாள்களுக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். கடன் ஒப்புதலுக்கு வாரங்கள் ஆகும். உதவித்தொகை கல்வியாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோதான் வரும். ஆகவே முதல் தவணையைச் சொந்தக் கையிலிருந்து கட்டுவதாகவே வைத்துக்கொண்டு தாளை எழுதத் தொடங்குங்கள். கட்டிய ரசீதைக் காட்டினால் அந்தத் தொகையைக் கடனிலிருந்து திரும்பப் பெற முடியுமா என்று கிளையில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இடைவெளியை நிரப்ப வேறு வழியில்லையென்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி, கடன் தொகை வந்ததும் மீட்டுவிடலாம். கந்துவட்டி மட்டும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றம் என்கிறது, ஆனால் சட்டத்தின் துணையைத் தேடும் நிலைக்கு வருவதற்குள் குடும்பம் மூழ்கியிருக்கும்.

சேர்ந்த பின் வேறு கல்லூரியில் நல்ல இடம் கிடைத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏஐசிடிஇ ஆகியவை அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்துமூலம் விலகிக்கொள்ளுங்கள். அதற்குள் விலகினால் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும். நிர்வாகச் செலவாகப் பிடிப்பது ரூ. 1,000க்கு மேல் போகக் கூடாது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்திவைக்கவும் கூடாது.

படிக்கும் காலத்திலும் அதன் பின்னரும்

ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். வருகைப்பதிவு குறைந்தாலோ ஆண்டு தவறினாலோ அது நின்றுபோகும். கடன் தவணையை வங்கி விடுவிக்க முந்தைய பருவ மதிப்பெண்ணைக் கேட்பார்கள் என்பதால், தேர்வு முடிவு வந்த வாரமே நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பாக்கித் தாள்கள் சேர்ந்து படிப்பு நீண்டால், வட்டி ஓடுவதோடு தவணை தொடங்கும் காலத்தையும் வங்கியிடம் பேசி மாற்ற வேண்டியிருக்கும்.

வேலை கிடைத்துத் தவணை கட்டத் தொடங்கிய பின், வட்டியாகக் கட்டும் தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் எட்டு ஆண்டு வரை, உச்சவரம்பின்றிக் கழிவு கிடைத்துவந்துள்ளது; பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கே அது பொருந்தும். வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தவறும் வரை காத்திராமல், அதற்கு முன்பே கிளைக்குக் கடிதம் கொடுத்துக் கால நீட்டிப்புக் கேளுங்கள். தவறிய பின் கேட்டால் வாராக்கடன் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும், இணைக் கடனாளியான தந்தையின் பெயரும் சேர்ந்தே ஏறும். கடன் முழுதும் தீர்ந்த நாளில் நிலுவையின்மைச் சான்றைக் கையோடு வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.